டிசைனும் பண்ணி, கோடும் எழுதி, காலேஜ்ல கிளாஸும் எடுக்குறது எப்படி? முழுமையான வழிகாட்டி

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முடிச்ச பசங்களும் கேக்குறாங்க, சிஎஸ் முடிச்ச பசங்களும் கேக்குறாங்க, ஐடி கம்பெனில ஆறேழு வருஷம் குப்பை கொட்டிட்டு சலிச்சுப் போனவங்களும் கேக்குறாங்க: "டிசைன் வேலையும் வேணும், வெப்சைட் ப்ராஜெக்ட்டும் வேணும், காலேஜ்ல பாடமும் எடுக்கணும், இதெல்லாம் ஒரே ஆளால முடியுமா?" முடியும், தமிழ்நாட்டுல அப்படி ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா மூணையும் மூணு தனி வேலையா நினைச்சு இறங்குனா ரெண்டாவது செமஸ்டர்லயே மூச்சு முட்டிடும். கிளையன்டுக்குப் பண்ணுன வேலைதான் கிளாஸ்ல பாடமாகணும், கிளாஸ்ல பசங்க கேட்ட கேள்விதான் அடுத்த ப்ராஜெக்ட்டை சரி பண்ணணும். ஒரே சரக்கு, மூணு இடத்துல ஓடணும். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப் போறேன், நடுவுல தகுதி, சம்பளம், டைம்டேபிள் மாதிரி சலிப்பான விஷயங்களும் வரும், அதைத் தாண்டிப் போயிடாதீங்க, பாதி பேரு அங்கதான் சிக்குறாங்க.

ஸ்டெப் 1: எந்த வாசல் வழியா உள்ள போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

காலேஜ்ல உங்க திறமையைப் பாக்குறதுக்கு முன்னாடி உங்க பிஜி டிகிரி எந்த சப்ஜெக்ட்டுன்னுதான் பாப்பாங்க. நல்லாவே டிசைன் தெரிஞ்ச எம்சிஏ ஆளை விஸ்காம் டிபார்ட்மென்ட்ல ரெகுலர் போஸ்ட்டுக்கு எடுக்க மாட்டாங்க, சூப்பரா ஜாவாஸ்கிரிப்ட் எழுதுற விஸ்காம் ஆளை கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எடுக்க மாட்டாங்க. அநியாயமா தெரியலாம், ஆனா ரூல் அப்படித்தான் இருக்கு.

அதனால இப்படிப் பாருங்க. எம்எஸ்சி விஷுவல் கம்யூனிகேஷன் இல்ல எம்ஏ ஜர்னலிசம் பக்கம் இருக்கீங்கன்னா விஸ்காம், மீடியா டிபார்ட்மென்ட். எம்எஃப்ஏ பண்ணுனவங்களுக்கு கவின்கலைக் கல்லூரிகள், அதாவது 1850-ல ஆரம்பிச்ச சென்னை எழும்பூர் கல்லூரி, கும்பகோணம் கல்லூரி மாதிரி இடங்க. எம்சிஏ, எம்எஸ்சி சிஎஸ் ஆளுங்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசிஏ டிபார்ட்மென்ட். எம்டெஸ், அதாவது டிசைன்ல பிஜி முடிச்சவங்களுக்கு டிசைன் ஸ்கூல்கள், ஆனா ஐஐடி மாதிரி இடங்கள்ல எம்டெஸ் சேரணும்னா ஐஐடி பாம்பே நடத்துற சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதணும், அது தனிப் போராட்டம்.

வேலையில இருந்துக்கிட்டே பிஜி முடிக்கணும்னா இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள்ல தொலைதூரக் கல்வில சேரலாம். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உள்ள தொலைதூர டிகிரி ரெகுலர் டிகிரிக்குச் சமம்தான், ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த யுனிவர்சிட்டிக்கு அந்தக் கோர்ஸுக்கு அந்த வருஷத்துக்கு யூஜிசி அனுமதி இருக்கான்னு யூஜிசி வெப்சைட்ல நீங்களே பாருங்க, ஏஜென்ட் சொல்றதை நம்பாதீங்க. ஏஜென்ட் எல்லாத்துக்கும் "இருக்கு சார்"னுதான் சொல்லுவாரு.

ஸ்டெப் 2: எதைக் கத்துக்கணும், எதை விட்டுடலாம்

டூல் பேரை வச்சு கரியர் கட்டாதீங்க. வெப் அனிமேஷனுக்கு இருந்த ஃப்ளாஷை அடோபி 2020 டிசம்பர் 31-ஓட நிறுத்திடுச்சு, அதுக்கு முன்னாடி பத்து வருஷம் ஃப்ளாஷ் மட்டுமே சொல்லிக் குடுத்தவங்க எத்தனை பேரு. ஃபிக்மாங்கிற டிசைன் டூலை அடோபி 20 பில்லியன் டாலருக்கு வாங்கப் போறதா 2022-ல அறிவிச்சாங்க, 2023 டிசம்பர்ல அந்த டீல் கேன்சல். அந்த ஒண்ணேகால் வருஷம் டிசைனர்ஸ் எல்லாரும் அடுத்து எந்த டூலுக்கு ஓடலாம்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. டூல் இப்படித்தான் மாறிக்கிட்டே இருக்கும்.

டிசைன்ல மாறாதது: எழுத்துரு, இடைவெளி, கிரிட், கலர் கான்ட்ராஸ்ட், எது முதல்ல கண்ணுல படணும்ங்கிற வரிசை. கான்ட்ராஸ்ட்டையே எடுத்துக்குங்க, வெள்ளை பேக்ரவுண்டுல 999999-ங்கிற கலர் கோடு உள்ள சாம்பல் எழுத்து ஸ்டைலா இருக்கும்னு எல்லா ஸ்டூடண்டும் போடுவான். அதோட கான்ட்ராஸ்ட் 2.85-க்கு 1 தான், சாதாரண சைஸ் எழுத்துக்கு குறைஞ்சபட்சம் 4.5-க்கு 1 வேணும்னு வெப் அணுகல்தன்மை விதிகள் சொல்லுது, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. 767676 வரைக்கும் போனாத்தான் பாஸ். இதை நான் வாயால விளக்கவே மாட்டேன், காலேஜ் ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டுவேன், பல்பு மங்கிப் போன ப்ரொஜெக்டர்ல அந்த 999999 சுத்தமா காணாமப் போயிடும், கடைசி பெஞ்சுல இருந்து "மேம் ஸ்லைடு காலியா இருக்கு"ன்னு குரல் வரும். அதுக்கு மேல பாடம் எதுக்கு.

டெவலப்மென்ட்ல மாறாதது ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். சிஎஸ்எஸ்ல லேஅவுட் அடுக்குற ஃப்ளெக்ஸ்பாக்ஸும் கிரிட்டும் கையில ஊறணும், மொபைல் ஸ்கிரீனுக்கு லேஅவுட் மாத்துறது தெரியணும், ஃபைல்ல பண்ற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு வைக்கிற கிட் யூஸ் பண்ணத் தெரியணும். இங்க சின்ன கிளையன்ட் வேலைக்கு வேர்ட்பிரஸ் கண்டிப்பா வேணும், டெவலப்பர்ஸ் மூக்கைச் சுளிப்பாங்க, ஆனா ஜவுளிக்கடை ஓனர் தானே உள்ள போயி விலையை மாத்தணும்னு கேட்டா அதுதான் கைகொடுக்கும். ரியாக்ட் மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அடிப்படை இல்லாம ரியாக்ட் படிச்சவன் கிளாஸ் எடுத்தா ரெண்டாவது வாரமே பசங்க மாட்டி விட்டுடுவாங்க.

ஸ்டெப் 3: உங்களுக்குன்னு ஒரு ஆழம் வேணும், அது தமிழா இருக்கலாம்

இங்க நான் கொஞ்சம் நின்னு பேசப் போறேன், ஏன்னா ஒரே சரக்கு மூணு இடத்துல ஓடுறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

ஒரு லோக்கல் செய்தி தளம் பண்ணுறீங்கன்னு வைங்க. முகப்புல கார்டு கார்டா செய்தி, தலைப்பு நீளமா போனா வெட்டி மூணு புள்ளி வைக்கணும். டெவலப்பர் ஈஸியா ஜாவாஸ்கிரிப்ட்ல முதல் இத்தனை கேரக்டர்னு வெட்டிடுவாரு. ஆங்கிலத்துக்கு ஓகே. தமிழ்ல? "தமிழ்நாடு" நம்ம கண்ணுக்கு அஞ்சு எழுத்து: த, மி, ழ், நா, டு. ஆனா ஜாவாஸ்கிரிப்ட்ல லெங்த் கேட்டா 9-னு வரும், ஏன்னா கம்ப்யூட்டர்ல எழுத்துக்களைக் குறிக்கிற யூனிகோட் முறையில த, ம மாதிரி அடிப்படை எழுத்தும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி குறியீடு. 8-ல வெட்டுனா "தமிழ்நாட"ன்னு நிக்கும், 4-ல வெட்டுனா புள்ளி பறிபோயி "தமிழ"ன்னு நிக்கும். தலைப்புச் செய்தில இப்படி வந்தா வாசகர் சிரிப்பாரு, கிளையன்ட் சிரிக்க மாட்டாரு.

சரி பண்றது எப்படி? வெறும் தோற்றத்துக்காக வெட்டுறதா இருந்தா அதை சிஎஸ்எஸ்-கிட்ட விட்டுடுங்க, லைன்-கிளாம்ப் போட்டா ரெண்டு வரிக்கு மேல தானா மறைச்சுடும், எழுத்தைப் பாதியில உடைக்காது. நிஜமாவே எழுத்து எண்ணணும்னா, உதாரணமா ஃபார்ம்ல "100 எழுத்துக்குள் எழுதவும்"னு இருந்தா, ப்ரௌசர்லயே இன்ட்ல் செக்மென்டர்னு ஒண்ணு இருக்கு, அது "தமிழ்நாடு"வை அஞ்சுன்னு சரியா எண்ணும். இன்னொரு தொல்லை "கொ": இதை ஒரே ஒகரக்குறியா சேமிக்கலாம், இல்ல முன்னாடி கொம்பும் பின்னாடி காலும் தனித்தனியாவும் சேமிக்கலாம். ரெண்டும் ஸ்கிரீன்ல அச்சு அசல் ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா சர்ச்ல ஒண்ணை டைப் பண்ணுனா இன்னொண்ணு வராது. "கொத்தமல்லி"ன்னு தேடுனா கடையில ஸ்டாக்கே இல்லைன்னு காட்டும். ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தி, அதாவது நார்மலைஸ் பண்ணிட்டு ஒப்பிட்டா தீந்தது.

டிசைன் பக்கமும் இதே கதைதான். ஆங்கிலத்துல "லாகின்"னு குட்டியா அடங்குற பட்டன்ல "உள்நுழைய" போட்டா பிதுங்கும், "பதிவு செய்யவும்" போட்டா ரெண்டு வரியாகும். மேல "கி, தீ" வளைவும் கீழ "மு, சூ" சுழியும் இருக்குறதால ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளி தமிழுக்குப் பத்தாது, நான் 1.6-ல ஆரம்பிச்சு கண்ணால பாத்து ஏத்துவேன். ஆங்கிலத் தலைப்புக்குக் குடுக்குற லெட்டர்-ஸ்பேசிங்கை அப்படியே தமிழுக்கும் விட்டா வார்த்தை பிச்சுப் பிச்சு நிக்கும். ஃபான்ட்டுக்கு கவலையே வேணாம், கூகுள் ஃபான்ட்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி எல்லாம் இலவசம். யூனிகோட் இல்லாத பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணுன வேர்டு ஃபைலைக் குடுத்துட்டு "அப்படியே போட்டுடுங்க"ன்னு சொல்ற கிளையன்ட் இன்னும் இருக்காங்க, அவங்களுக்கு யூனிகோடுக்கு மாத்துற வேலைக்கும் சேத்து கொட்டேஷன் குடுங்க.

இப்போ பாருங்க, ஒரு கார்டு தலைப்பு. அதை சரி பண்ணி கிளையன்ட்கிட்ட காசு வாங்குனீங்க. அதையே ரெண்டு மணி நேர லேப் கிளாஸ் ஆக்கலாம், பசங்க ஒவ்வொருத்தனும் அவனவன் பேரை டைப் பண்ணி லெங்த் பாத்தாலே கிளாஸ் களைகட்டிடும், சுப்பிரமணியனும் ஜானும் ஸ்கோர் கம்பேர் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க. அதையே கொஞ்சம் விரிச்சு பல சைட்டுகளை சோதிச்சுப் பாத்தா கான்ஃபரன்ஸ் பேப்பர். நாளைக்கு பிஎச்டி பண்ணணும்னா விதை அங்கயே இருக்கு. உங்க ஆழம் தமிழா இல்லாம அணுகல்தன்மை, கைத்தறி மாதிரி தொழிலுக்கான ஆன்லைன் கடை, டேட்டா விஷுவலைசேஷன், எதுவா வேணா இருக்கலாம், ஆனா ஒண்ணு இருக்கணும்.

ஸ்டெப் 4: கிளாஸுக்கு முன்னாடி கிளையன்ட்

காலேஜ் முடிச்ச கையோட காலேஜுக்கே திரும்பிப் போயி பாடம் எடுக்குறவங்களை நான் குறை சொல்லல, ஆனா இந்தக் கலவைக்கு அது சரிப்பட்டு வராது. முதல்ல ஏஜென்சிலயோ கம்பெனிலயோ ரெண்டு மூணு வருஷம் இருங்க. கிளையன்ட் கடைசி நேரத்துல லோகோவை மாத்துறது, சர்வர் டவுன் ஆகுறது, பேமென்ட் இழுக்குறது, இதெல்லாம் அனுபவிச்சாத்தான் கிளாஸ்ல வாய் திறந்தா பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

தனியா ப்ராஜெக்ட் எடுக்க ஆரம்பிச்சதும் சில பழக்கங்களை அன்னைக்கே போட்டுடுங்க. வேலை ஆரம்பிக்கும்போது பாதி அட்வான்ஸ். டொமைன் எப்பவும் கிளையன்ட் பேர்லயே, அவங்க மெயில் ஐடிலயே, உங்க பேர்ல வாங்கி வச்சுக்கிட்டா அப்போதைக்கு பலமா தெரியும், பின்னாடி சண்டைதான். எத்தனை தடவை மாத்திக் குடுப்பீங்கன்னு கொட்டேஷன்லயே எழுதுங்க. சைட் முடிஞ்சதும் வருஷ மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் (ஏஎம்சி) போடுங்க, ஏஎம்சி இல்லாத கிளையன்ட்தான் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணுவாரு. நீங்க கிளாஸ்ல நிக்கும்போது மாசாமாசம் சோறு போடப் போறது இந்த ஏஎம்சி பணம்தான், அதனால புது ப்ராஜெக்ட்டைவிட இதுக்கு மரியாதை குடுங்க.

வரி விஷயம் சுருக்கமா: சேவைத் தொழில்ல வருஷ டர்ன்ஓவர் 20 லட்சத்தைத் தாண்டுனா ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் எடுக்கணும். கம்பெனி கிளையன்ட் டிடிஎஸ், அதாவது வருமான வரியில ஒரு பங்கை முன்கூட்டியே புடிச்சுட்டுதான் பணம் போடுவாங்க, ரிட்டர்ன் போட்டாத்தான் அதுல மிச்சம் திரும்பி வரும். காலேஜ் சம்பளமும் ஃப்ரீலான்ஸ் வருமானமும் சேந்து வரும்போது எந்த ஃபார்ம், எந்தத் தலைப்புன்னு ஒரு ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிடுங்க, யூட்யூப் பாத்து போடாதீங்க.

ஸ்டெப் 5: நெட், செட், பிஎச்டி

யூஜிசியோட 2018 விதிகள்படி ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல உதவிப் பேராசிரியர் ஆகணும்னா பிஜில 55 சதவீதம், கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இல்ல செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்லைன்னா பிஎச்டி. எஸ்சி, எஸ்டி, ஓபிசி நான்-க்ரீமி லேயர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50 சதவீதம் போதும். 2023 ஜூலைல யூஜிசி இதைத் தெளிவா சொல்லிடுச்சு: நெட், செட் தான் குறைஞ்சபட்சத் தகுதி, பிஎச்டி விருப்பம்தான். அதனால "பிஎச்டி இல்லாம காலேஜ் பக்கமே போக முடியாது"ன்னு யாராவது சொன்னா நம்ப வேணாம், ஆனா போட்டில பிஎச்டி இருக்குறவங்க முன்னாடி நிப்பாங்கங்கிறதும் நிஜம்.

நெட் வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கும். மூணு மணி நேரம், முதல் பேப்பர்ல 50 கேள்வி, ரெண்டாவதுல 100 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க், நெகட்டிவ் மார்க் கிடையாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயசு வரம்பு இல்லை, ஜேஆர்எஃப் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் வயசு பாப்பாங்க. விஸ்காம் ஆளுங்க மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம் எழுதுவாங்க, எம்எஃப்ஏ ஆளுங்க விஷுவல் ஆர்ட், சிஎஸ் ஆளுங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ். ஒரு எச்சரிக்கை, மாஸ் கம்யூனிகேஷன் பேப்பர்ல நீங்க தினமும் பண்ற வெப் டிசைன் பெருசா வராது, கம்யூனிகேஷன் தியரி, மீடியா சட்டம், ஆராய்ச்சி முறைகள்தான் மெயின். பத்து வருஷ இண்டஸ்ட்ரி அனுபவம் அங்க கை குடுக்காது, உக்காந்து படிக்கத்தான் வேணும். செட் பாஸ் பண்ணுனா அந்த மாநிலத்துக்குள்ள மட்டும்தான் செல்லும், நெட் நாடு முழுக்க செல்லும்.

இன்ஜினியரிங் காலேஜுக்கு தொழில்நுட்பக் கல்வியைப் பாத்துக்குற ஏஐசிடிஇ-யோட விதிகள் வேற, அங்க எம்இ, எம்டெக் கேப்பாங்க.

டிகிரி பக்கம் போகாமலே இன்னொரு கதவு இருக்கு. 2022-ல யூஜிசி கொண்டு வந்த ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ். துறையில குறைஞ்சது 15 வருஷ அனுபவம், அதுவும் சீனியர் லெவல்ல, இருந்தா நெட்டோ பிஎச்டியோ கேக்க மாட்டாங்க. அனுமதிக்கப்பட்ட போஸ்ட்ல 10 சதவீதத்துக்குள்ளதான் எடுக்கலாம், அதிகபட்சம் 3 வருஷம், ரொம்ப அவசியம்னா இன்னும் 1 வருஷம். நிரந்தர வேலை இல்லை இது. ஆனா நாப்பத்தஞ்சு வயசுல இருக்குற க்ரியேட்டிவ் டைரக்டருக்கு அருமையான வழி.

ஸ்டெப் 6: உள்ள நுழையிற விதம்

ரெஸ்யூமை மெயில் பண்ணிட்டுக் காத்திருந்தா நடக்காது. டிபார்ட்மென்ட் அசோசியேஷன் ஃபங்ஷனுக்கு கெஸ்ட் லெக்சர், அப்புறம் ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப், அப்புறம் ஒரு பேப்பருக்கு விசிட்டிங் ஃபேகல்ட்டி, இப்படித்தான் படிப்படியா போகும். பெரும்பாலும் உங்களுக்குப் பாடம் எடுத்த சார், மேம் வழியாத்தான் முதல் அழைப்பு வரும், அவங்களோட தொடர்பை விட்டுடாதீங்க. 2022-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திட்டத்துல காலேஜ்களுக்கு ஸ்கில் கோர்ஸ் போகுது, அதை நடத்துற பயிற்சி நிறுவனங்களுக்கு ட்ரெய்னர்ஸ் தேவைப்படும், கிளாஸ் எடுத்துப் பழக அது நல்ல களம். அறுபது பேர் உக்காந்திருக்குற ஹால்ல மைக் இல்லாம பேசுற பழக்கம் அங்கதான் வரும்.

டெமோ கிளாஸ் கேட்டா இருபது நிமிஷத்துல உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் கொட்டாதீங்க. பேனல்ல எச்ஓடி இருப்பாங்க, பிரின்சிபால் இருப்பாங்க, பிரின்சிபால் கெமிஸ்ட்ரி ஆளா இருக்கலாம். அந்தக் காலேஜோட நோட்டீஸ் போர்டு சர்க்குலர் ஒண்ணை எடுத்து, அதையே மொபைல்ல படிக்கிற மாதிரி அவங்க கண்ணு முன்னாடி மாத்திக் காட்டுங்க. கெமிஸ்ட்ரி பிரின்சிபாலுக்கும் புரியும்.

ஸ்டெப் 7: செமஸ்டரைக் கட்டுறது

சிலபஸ் கையில வரும்போது அதிர்ச்சி ஆகாதீங்க, சில இடத்துல இன்னும் ட்ரீம்வீவர்ங்கிற பழைய வெப்சைட் டூலுக்கு ஒரு யூனிட் இருக்கும், ஏன் ஃப்ளாஷ்கூட இருக்கும். தானே சிலபஸ் போட்டுக்குற ஆட்டோனமஸ் காலேஜ்னா, சிலபஸ் முடிவு பண்ற போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல பேசி மாத்தலாம், அஃபிலியேட்டட் காலேஜ்னா யுனிவர்சிட்டி மாத்துற வரைக்கும் யூனிட் தலைப்பை வச்சுக்கிட்டு உள்ள இருக்குறதை புதுசா எடுக்கலாம். "அனிமேஷன் ஃபார் வெப்"னு இருந்தா சிஎஸ்எஸ் அனிமேஷன் எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க, கேள்வித்தாள் எப்படி வரும்னு மட்டும் ஒரு கண்ணு வச்சுக்குங்க.

லேப் நிலவரம் பாத்துட்டுதான் ப்ளான் பண்ணணும். சிஸ்டம் பழசா இருக்கும், அட்மின் பாஸ்வேர்டு லேப் அசிஸ்டன்ட் அண்ணன்கிட்ட இருக்கும், அவரு அன்னைக்கு லீவா இருப்பாரு. அதனால எதையும் இன்ஸ்டால் பண்ணாம நடத்துற மாதிரி வையுங்க: நோட்பேடும் குரோமும் போதும், குரோம்ல இருக்குற டெவலப்பர் டூல்ஸே பெரிய லேப். ஃபிக்மா ப்ரௌசர்லயே ஓடும், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எஜுகேஷன் ப்ளான் இலவசம். முடிச்ச வேலையை கிட்ஹப் பேஜஸ்ல இலவசமா ஏத்தலாம். பையன் ஊருல இருக்குற அம்மாவுக்கு லிங்க் அனுப்பி "நான் பண்ணுன வெப்சைட்"னு சொல்லும்போது வர்ற உற்சாகம் இன்டர்னல் மார்க்ல வராது.

என்னோட வரிசை இப்படி இருக்கும். முதல் மூணு வாரம் சிஎஸ்எஸ் கிடையாது, வெறும் ஹெச்டிஎம்எல், ஒரு மெஸ் மெனு கார்டையோ பஸ் டைம் அட்டவணையையோ தலைப்பு, பட்டியல், டேபிள்னு அர்த்தத்தோட அடுக்குறது. கலர் இல்லாம மூணு வாரமான்னு முனகுவாங்க, முனகட்டும். அடுத்த அஞ்சு வாரம் டைப், கலர், கிரிட், மொபைல். அதுக்கப்புறம் ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சமா, ஒரு மெனு திறந்து மூடுறது, ஒரு ஃபார்ம் சரி பாக்குறது, மேல சொன்ன தமிழ் எழுத்து எண்ணுறது. கடைசி நாலஞ்சு வாரம் ஒரே ப்ராஜெக்ட்: தெருவுல இருக்குற ஒரு நிஜக் கடைக்கு ஒரு பக்கம். கடைக்காரர்கிட்ட பேசி, அவரு என்ன சொல்றாருன்னு எழுதிக்கிட்டு வரணும். "விலையை மட்டும் போடாத தம்பி, பக்கத்துக் கடைக்காரன் பாத்துடுவான்"னு அவரு சொல்லுவாரு, யூசர் ரிசர்ச்னா என்னன்னு பசங்களுக்கு அங்க புரிஞ்சுடும்.

மார்க் போடுறது இப்போ கஷ்டமான வேலை ஆயிடுச்சு, ஏஐ டூல்கிட்ட கேட்டா முழு சைட்டையே எழுதிக் குடுத்துடுது. தடை போட்டுப் பிரயோஜனம் இல்லை. கிட்ல கமிட் வரலாறு, அதாவது எப்பெப்போ சேமிச்சாங்கங்கிற பதிவைப் பாருங்க, மூணு வாரமா வளர்ந்த வேலையா, கடைசி ராத்திரி ஒரே கமிட்ல இறங்குனதான்னு தெரிஞ்சுடும். வைவால பக்கத்துல உக்காந்து "இந்த மூணு கார்டையும் மொபைல்ல ஒண்ணு கீழ ஒண்ணு வர வைப்பா, என் முன்னாடி"ன்னு சொல்லுங்க. எழுதுனவனுக்கு ரெண்டு நிமிஷம். எழுதாதவன் ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே இருப்பான்.

பேப்பர் வேலை தனி உலகம். லெசன் ப்ளான், கேள்விக்குக் கேள்வி கே1-ல இருந்து கே6 வரைக்கும் ப்ளூம் லெவல் (எவ்வளவு ஆழமா யோசிக்கணும்ங்கிற படி), சிஓ-பிஓ மேப்பிங் (பாடத்தோட இலக்கையும் டிகிரியோட இலக்கையும் பொருத்துறது), காலேஜுக்குத் தரம் போடுற நாக் மதிப்பீடு வந்தா அஞ்சு வருஷ ஃபைல். எரிச்சலா இருக்கும். நல்ல டெம்ப்ளேட் ஒண்ணு நீங்களே டிசைன் பண்ணி வச்சுக்குங்க, டிபார்ட்மென்ட்ல எல்லாரும் வாங்கிப்பாங்க, எச்ஓடிகிட்ட உங்க மதிப்பும் ஏறும்.

ஸ்டெப் 8: காசும் காலண்டரும்

சொல்லிடுறேன், காலேஜ் பணத்தை நம்பி இதுல இறங்காதீங்க. நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது சம்பளக் குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700. அது நல்ல சம்பளம்தான், ஆனா அந்த போஸ்ட் கிடைக்குறது அரிது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு 50,000 வரைன்னு 2019-ல யூஜிசி சொல்லிச்சு, நடைமுறையில பல இடத்துல அது எட்டாக் கனி. பிரைவேட் காலேஜ்ல கன்சாலிடேட்டட் பே, அதாவது படி எதுவும் இல்லாத மொத்தச் சம்பளம், ஒரு ஜூனியர் டெவலப்பர் வாங்குறதைவிட கம்மியாவே இருக்கலாம், மே மாசம் பல பேருக்கு சம்பளமே வராது. காலேஜ் உங்களுக்குக் குடுக்குறது ஒரு ஒழுங்கு, நல்ல ஜூனியர்களை முன்கூட்டியே பாக்குற வாய்ப்பு, அப்புறம் "ஏன்"னு கேக்குற அறுபது வாய். கிளையன்ட் ஏன்னு கேக்க மாட்டாரு, பிடிக்கலைம்பாரு அவ்வளவுதான்.

யூஜிசி விதிப்படி முழுநேர உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. கேக்க கம்மி மாதிரி இருக்கும், தயாரிப்பு, திருத்துறது, ஃபைலு, இன்விஜிலேஷன் எல்லாம் சேத்தா நாப்பது தாண்டிடும். அதனால ஆரம்பத்துல பகுதிநேரமா ஒரு பேப்பர், ரெண்டு பேப்பர் எடுங்க. டைம்டேபிள் போடுற ஆள்கிட்ட முன்னாடியே போயி உங்க ஹவர் எல்லாத்தையும் ரெண்டு மூணு நாளுக்குள்ள அடுக்கச் சொல்லுங்க. திங்கள் ஒரு ஹவர், புதன் ஒரு ஹவர், வெள்ளி ஒரு ஹவர்னு சிதறிடுச்சுன்னா அந்த வாரமே போச்சு.

வருஷத்தைப் பாருங்க: ஜூன், ஜூலைல ஒரு செமஸ்டர், டிசம்பர் வாக்குல அடுத்தது. நவம்பர், ஏப்ரல் எக்ஸாம் சமயம் கிளாஸ் இருக்காது, திருத்துற வேலைதான் இருக்கும். பெரிய லான்ச் எதையும் அந்த ரெண்டு மாசத்துல வைக்காதீங்க. ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் வரை உங்க கையில, அதுலதான் பெரிய ப்ராஜெக்ட். ஆனா ஸ்கூல், காலேஜ் மாதிரி கிளையன்ட் எல்லாம் அட்மிஷனுக்கு முன்னாடி சைட் வேணும்னு மார்ச்லயே நெருக்குவாங்க, அவங்களை ஜனவரிலயே ஆரம்பிக்க வச்சிடுங்க. எல்லா கிளையன்ட்டுக்கும் ஒரே வரி: "சாயங்காலம் நாலு மணிக்கு மேல கூப்பிடுங்க." பழகிடுவாங்க.

ஸ்டெப் 9: எல்லைக்கோடு போட வேண்டிய இடங்க

நீங்க வெப்சைட் பண்ணுவீங்கன்னு தெரிஞ்சதும் காலேஜ் மேனேஜ்மென்ட் கேக்கும், "நம்ம காலேஜ் சைட்டை கொஞ்சம் பாத்துக்கங்களேன் சார்." அந்த "கொஞ்சம்" ஒரு வருஷ வேலை. முடியாதுன்னு சொல்ல வேணாம், அழகா ஒரு கொட்டேஷன் போட்டு, எந்த டிபார்ட்மென்ட் எந்தத் தேதிக்குள்ள என்ன விவரம் குடுக்கணும்னு எழுதிக் குடுங்க. ஒண்ணு காசு குடுப்பாங்க, இல்ல வேற ஆளைப் பிடிப்பாங்க, ரெண்டும் நமக்கு நல்லதுதான்.

ஸ்டூடண்ட்ஸை உங்க கிளையன்ட் வேலைக்கு சும்மா இழுக்காதீங்க, இன்டர்னல் மார்க் உங்க கையில இருக்கும்போது அவன் எப்படி முடியாதுன்னு சொல்லுவான்? வேலை குடுக்கணும்னா அவன் உங்க பேப்பர் முடிச்சப்புறம், காசோட குடுங்க. கிளையன்ட் வேலையை கிளாஸ்ல காட்டணும்னா எழுத்துல அனுமதி வாங்குங்க, பாஸ்வேர்டு, கஸ்டமர் போன் நம்பர் இருக்குற ஸ்கிரீன்ஷாட் எதுவும் ஸ்லைடுல போகக் கூடாது. காண்ட்ராக்ட்டுலயே "கல்வி நோக்கத்துக்காகக் காட்டலாம்"னு ஒரு வரி சேத்துட்டா ஒவ்வொரு தடவையும் கேக்க வேண்டியதில்லை.

ஸ்டெப் 10: நிரந்தர வேலை கைக்கு வந்தா

அரசு உதவி பெறும் கல்லூரிலயோ, டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) மூலமா அரசுக் கல்லூரிலயோ நிரந்தர போஸ்ட் கிடைச்சா கணக்கே மாறிடும். நடத்தை விதிகள் வரும், முன்ன மாதிரி ஃப்ரீலான்ஸ் எடுக்க முடியாது, முன் அனுமதி இல்லாம வெளி வருமானம் வந்தா சிக்கல். சேர்றதுக்கு முன்னாடியே ஏஎம்சி கிளையன்ட் எல்லாரையும் நம்பகமான ஒரு டெவலப்பர்கிட்ட, முடிஞ்சா உங்க பழைய ஸ்டூடண்ட்கிட்டயே, ஒப்படைச்சுடுங்க, பாஸ்வேர்டு, ஹோஸ்டிங் விவரம், புதுப்பிக்க வேண்டிய தேதி எல்லாம் ஒரே ஷீட்ல எழுதி. அப்புறம் கைவேலை விட்டுப் போகாம இருக்க காலேஜ் வழியாவே வர்ற கன்சல்டன்சி, ஓப்பன் சோர்ஸ், தமிழ் ஃபான்ட் சோதனை, விக்கிமீடியா மாதிரி காசு வராத வேலைகள் இருக்கு. பிரைவேட் காலேஜ்ல முழுநேரம் சேர்றதா இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. வாய்வார்த்தையா "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு சொன்ன ஆளு அடுத்த வருஷம் அந்தக் காலேஜ்லயே இருக்க மாட்டாரு, அனுமதியை லெட்டரா வாங்கி ஃபைல்ல வைங்க.